அன்புசெல்வனின் வலது முழங்கால்

அன்புசெல்வன்: ...அத்தோட முடியலண்ணா. இன்னும் ஒரு பக்கம் கீது. படிக்கட்டுமா, வாணாமா?

ராஜமாணிக்கம்: படி, படி. ஆபரேசனுக்கு முன்னாடி பேஷண்டு எல்லாத்தையும் தெரிஞ்சிக்கணும்னுதான் ஆஸ்பத்திரில சீட்டு அடிச்சிக் குடுத்துக்கீறாங்க. எனக்குத்தான் எழுத்து ஓடாது. நீ எட்டாங்கிளாசு.

அன்புசெல்வன்: "முதுகுத் தண்டுவடத்தில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யப்படும்."

ராஜமாணிக்கம்: நல்லது. மேல மரத்துப் போயி ரொம்ப நாளாவுது. கீழயும் போவட்டும்.

அன்புசெல்வன்: வெளையாடாதண்ணா. "தேய்ந்துபோன மூட்டின் பரப்புகள் அகற்றப்பட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டு பொருத்தப்படும்."

ராஜமாணிக்கம்: இருபத்திரண்டு வருசம் மில்லுல இரும்பு இழுத்தேன். இப்ப இரும்பு உள்ளயே வந்து குந்தப் போவுது.

அன்புசெல்வன்: அப்புறம்... "ஊசி போட்டதும் சில பேரு கண்ணு முழிக்க மாட்டாங்க."

ராஜமாணிக்கம்: அப்பிடியா போட்டுக்கீது?

அன்புசெல்வன்: ஆமாண்ணா. இதோ.

ராஜமாணிக்கம்: பெரிய எழுத்துலயா, சின்ன எழுத்துலயா?

அன்புசெல்வன்: ...சின்ன எழுத்து.

ராஜமாணிக்கம்: பயப்பட வேண்டியத எப்பவும் சின்ன எழுத்துலதான் போடுவாங்க. மேல படி.

அன்புசெல்வன்: "இரண்டாம் நாள் வாக்கர் உதவியுடன் நிற்கவும் சில அடிகள் நடக்கவும் பயிற்சி அளிக்கப்படும். பன்னிரண்டு முதல் பதினான்கு நாட்களில் தையல் பிரிக்கப்படும். சில மாதங்களுக்கு மூட்டில் வீக்கமும் சூடும் இருக்கலாம்." அப்புறம்... "ஒட்டலன்னா கால எடுத்துருவாங்க."

ராஜமாணிக்கம்: எங்கேருந்து?

அன்புசெல்வன்: தொடையிலேருந்து.

ராஜமாணிக்கம்: அதுக்கும் பயிற்சி அளிக்கப்படுமா?

அன்புசெல்வன்: உனக்கு எல்லாமே சிரிப்பு. இதக் கேளு. "தரையில் சம்மணமிட்டு அமரக்கூடாது. குத்துக்காலிடக் கூடாது. மேற்கத்திய முறைக் கழிப்பறையையே பயன்படுத்த வேண்டும்." பாத்தியா? இனிமே பந்தியில குந்த முடியாது. வயல்ல எறங்க முடியாது.

ராஜமாணிக்கம்: நான் எப்படா வயல்ல எறங்கினேன்? நைனா செத்தப்ப வந்து சம்மணம் போட்டுப் பிண்டம் வெச்சேன். அதான் கடைசி. இனிமே யாருக்கு வெக்கணும்?

அன்புசெல்வன்: அப்பிடிப் பேசாத.

ராஜமாணிக்கம்: சரி, பேசல. படி.

அன்புசெல்வன்: போதுண்ணா. நான் சொல்றதக் கேளு. ஆபரேசன் வாணாம்னு இப்பவே எழுதிக் குடுத்துட்டு கெளம்பு. வெளிய ஆட்டோ கீது. எலும்புக்குக் கட்டுற ஆளு ஒருத்தன கடம்பத்தூர்ல தெரியும். பச்சிலை வெச்சி மூணு கட்டு...

ராஜமாணிக்கம்: உடைஞ்சதுக்குத்தான் கட்டு. இது தேஞ்சது. தேஞ்சத எதால கட்டுவான்?

அன்புசெல்வன்: எண்ணெ குடுப்பான்.

ராஜமாணிக்கம்: ஆறு வருசம் எண்ணெ தேச்சா மணியம்மா. அவ கை தேஞ்சிது.

அன்புசெல்வன்: அண்ணி எங்க? ஆளையே காணோம்.

ராஜமாணிக்கம்: பெரியபாளையம் போய்க்கீறா. வேப்பஞ்சேல கட்டிக்கினு கோயில சுத்தி வர்றேன்னு வேண்டிக்கினாளாம். காலையிலதான் வருவா.

அன்புசெல்வன்: யார் பேருக்கு அர்ச்சனை?

ராஜமாணிக்கம்: அங்க மட்டும் என் பேரச் சொல்லுவா. அம்மன் மில்லு கார்டு கேக்க மாட்டா.

அன்புசெல்வன்: மெதுவாண்ணா... பக்கத்து கட்டில்ல ஆளு கீது.

ராஜமாணிக்கம்: அவருக்குக் காதும் தேஞ்சிதான் கீது. கவலப்படாத.

மேரி: அன்புசெல்வன்!

அன்புசெல்வன்: இன்னா சிஸ்டர்?

மேரி: உங்கள இல்ல சார். பேஷண்ட்ட கூப்பிட்டேன். கைய நீட்டுங்க அன்புசெல்வன், பிரஷர் பாக்கணும்.

ராஜமாணிக்கம்: அவன் அப்பிடித்தான் சிஸ்டர். யார் பேரக் கூப்பிட்டாலும் திரும்புவான்.

மேரி: சொந்தமா?

ராஜமாணிக்கம்: கூடப் பொறந்தது.

மேரி: நல்லதாப் போச்சு. வலது கால்தானே? டாக்டர் மையில அம்புக்குறி போட்டாரா?

ராஜமாணிக்கம்: போட்டாரு. வழி தவறிப் போவக் கூடாதுன்னு.

மேரி: வயசு நாப்பத்தெட்டு... இந்த வார்டுலயே சின்னவரு நீங்கதான். மீதி எல்லாம் அறுபதத் தாண்டினவங்க. டாக்டரே கேட்டாரு, நாப்பத்தெட்டுல மூட்டு எப்பிடிங்க இந்தக் கதிக்கு வந்துதுன்னு.

ராஜமாணிக்கம்: மூட்டு மட்டும் எனக்கு முன்னாடியே பொறந்துடிச்சு சிஸ்டர்.

மேரி: பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. அப்புறம், சம்மத ஃபாரத்துல கூட இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்து வேணும். நாலு மணிக்குள்ள. வீட்டம்மா வரலன்னா இவரு போடட்டும். இன்னா சார், சீட்டு படிச்சிக் காட்டினு இருக்கீங்களா?

அன்புசெல்வன்: ஆமா... சும்மா.

மேரி: அவருக்கா? நேத்தே ரெண்டு தடவ நான் படிச்சிக் காட்டிட்டேன். மனப்பாடமா ஒப்பிப்பாரு. ஏறும்போது நல்ல கால் முன்ன, எறங்கும்போது...

ராஜமாணிக்கம்: ஆபரேசன் கால் முன்ன.

மேரி: பாத்தீங்களா? சரி, ஃபாரம் எடுத்துட்டு வரேன்.

அன்புசெல்வன்: முன்னாடியே கேட்டுக்கினியா?

ராஜமாணிக்கம்: ரெண்டு தரம்.

அன்புசெல்வன்: அப்ப எதுக்கு என்னப் படிக்க வெச்ச?

ராஜமாணிக்கம்: சீட்டுல இல்லாதத நீ எதுவரைக்கும் படிப்பன்னு பாத்தேன். கண்ணு முழிக்கலன்னு சொன்ன, சரி. கால தொடையோட எடுத்த பாரு... அங்கதான் லேசா வலிச்சிது.

அன்புசெல்வன்: உன் நல்லதுக்குத்தான்...

ராஜமாணிக்கம்: வாணாம். அந்த வார்த்த மட்டும் வாணாம்.

அன்புசெல்வன்: சரி. ஒடச்சே சொல்றேன். கம்பவுண்டர் ஒருத்தர விசாரிச்சேன். ஆயிரத்துல ஒருத்தருக்கு ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போயிருமாம். அந்த ஒருத்தன் நீயா இருந்தா?

ராஜமாணிக்கம்: இருந்தா?

அன்புசெல்வன்: செத்தது யாருன்னு எழுதுவாங்க?

ராஜமாணிக்கம்: அன்புசெல்வன்.

அன்புசெல்வன்: நான்தான் அன்புசெல்வன்!

ராஜமாணிக்கம்: கத்தாத. இந்தக் கட்டில்ல கீற வரைக்கும் நான்தான். மாட்டி வெச்சிக்கீறாங்க பாரு, கால்மாட்டு அட்டையில. பேரு, நைனா பேரு, வயசு. எல்லாம் உன்னுது. மூட்டு மட்டுந்தான் என்னுது.

அன்புசெல்வன்: உனக்கு வெளையாட்டா கீது. டாக்டர் சர்டிபிகேட் குடுத்துட்டா நான் நடமாடவே முடியாது. ரேஷனு, ஓட்டு, பம்புசெட்டு கரண்டு... எல்லாத்துலயும் செத்தவன். என் ஊட்டுக்காரி திலகவதி நெலமைய நெனச்சியா? நான் பக்கத்துல குந்திக்கினு இருக்கும்போதே காயிதத்துல அவ தாலி அறுத்தவ. எந்தப் பொம்பளைக்குண்ணா அது அடுக்கும்? ...இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்குற?

ராஜமாணிக்கம்: ஒண்ணுமில்ல. எந்தப் பொம்பளைக்கும் அடுக்காது. நீ சொல்றது சரிதான்.

அன்புசெல்வன்: தப்பு பண்ணது நீயும் இல்ல, நானும் இல்ல. நைனாதான். "ஒரு வாரம்"னாரு.

ராஜமாணிக்கம்: ஒரு வாரந்தான்னாரு. மில்லுலேருந்து உனக்கு ஆர்டர் வந்திச்சு, உனக்கு மஞ்சக்காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள், சோறு எறங்கல. திங்கக்கிழம வரலன்னா வேற ஆளப் போட்டுருவான். "பெரியவனே, நீ போயி அவன் எடத்துல நில்லு. எழுந்ததும் அவன அனுப்பறேன்"னாரு. உன் சர்டிபிகேட்டக் கையில குடுத்தாரு. போயி நின்னேன்.

அன்புசெல்வன்: நான் எழுந்து வந்தேன்ல? பத்தியச் சோறு தின்னுக்கினு, கும்மிடிப்பூண்டி வரைக்கும் பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கினு வந்தேன். கேட்டுல நின்னு, "அன்புசெல்வன், வேலைக்கி வந்துக்கீறேன்"னேன். "அன்புசெல்வன் உள்ள கீறாரு, நீ யாருடா?"ன்னான் வாட்ச்மேன்.

ராஜமாணிக்கம்: அதுக்குள்ள சூப்பர்வைசருக்கு என் மூஞ்சி பழகிப் போச்சு.

அன்புசெல்வன்: வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

ராஜமாணிக்கம்: இன்னான்னு? நான் திருடன், இவன்தான் சொந்தக்காரன்னா? ரெண்டு பேரையும் போலீசுல குடுத்திருப்பான்.

அன்புசெல்வன்: குடுக்க மாட்டான். நீ சொல்லல. உனக்குப் புடிச்சிருந்திச்சு. மாசம் பொறந்தா சம்பளம், காக்கி சட்டை, தீபாவளிக்கு ஸ்வீட்டு பாக்ஸு.

ராஜமாணிக்கம்: ...புடிச்சிருந்திச்சு. பொய் சொல்ல மாட்டேன். முதல் ரெண்டு வருசம் புடிச்சிருந்திச்சு.

அன்புசெல்வன்: அப்புறம் வேற மூணு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். ஒரு எடத்துல எடுத்துக்கறேன்னுட்டு, "உன் பேர்ல ஏற்கெனவே ஒருத்தன் வேல செய்றான், பி.எஃப் ஓடுது"ன்னு அனுப்பிட்டான். என் பேர்ல நானே வேலைக்கிப் போவ முடியல. சேத்துலயே கெடந்தேன். அதத் தெரிஞ்சிக்கோ.

ராஜமாணிக்கம்: தெரியும்டா.

அன்புசெல்வன்: தெரிஞ்சி இன்னா பண்ண?

ராஜமாணிக்கம்: இன்னா பண்ணணும்? நெலத்துல ஒரு படி நெல்லு கேட்டனா? பொங்கலுக்கு ஒரு மூட்ட அரிசி அனுப்புவ. வாங்கிக்கினேன். அனுப்பாத வருசம் கடையில வாங்கினேன். கணக்குப் பாத்தா உனக்கும் எனக்கும் ஒண்ணுதான். உனக்கு வேல போச்சு. எனக்கு இப்ப நெஜ வயசு அம்பத்தேழு. என் பேர்ல இருந்திருந்தா வர்ற வருசம் ரிட்டேர்டு. மால போட்டு அனுப்பியிருப்பாங்க. உன் வயசுல கீறேன், அதனால இன்னும் பத்து வருசம் நிக்கணும். உன் வயசுக்கு என் காலு நிக்கணும்டா. அதான் தேஞ்சிடிச்சு.

அன்புசெல்வன்: விட்டுட்டு வந்துரு. ஊருக்கு வந்துரு. நான் கஞ்சி ஊத்த மாட்டனா?

ராஜமாணிக்கம்: எங்க வர்றது?

அன்புசெல்வன்: நம்ம ஊட்டுக்கு.

ராஜமாணிக்கம்: அது இருக்கட்டும். இனிமே வேல கடினமில்ல. மேனேஜர் நல்ல மனுசன். "அன்பு, நடக்க மட்டும் ஆயிட்டா போதும், லாரி எடை போடற கேபின்ல குந்த வெக்கறேன்"னாரு. நாற்காலி கீது, ஃபேனு கீது. படி ஏழு. அத ஏறணும், எறங்கணும். அவ்ளோதான் நான் கேக்கறது. ஏழு படி. ஆபரேசன் வாணான்னா இந்த மாசத்தோட அனுப்பிருவாங்க. நொண்டிக்கு மில்லுல எடம் ஏது?

அன்புசெல்வன்: செய்யி. செஞ்சிக்க வாணான்னு சொல்லல. ஆனா என் பேர்ல வாணாம். கவர்மெண்டு ஆஸ்பத்திரில, உன் சொந்தப் பேர்ல...

ராஜமாணிக்கம்: சொந்தப் பேர்லயா? ராஜமாணிக்கம்னு சீட்டு போட்டுக்கினு போய் நிக்கட்டுமா?

அன்புசெல்வன்: வாணாம்... அதுவும் வாணாம். விடு. பேஜாரு.

ராஜமாணிக்கம்: ஏன் வாணாம்?

அன்புசெல்வன்: கார்டு கேப்பாங்க. உன்கிட்ட இன்னா கீது, அந்தப் பேர்ல?

ராஜமாணிக்கம்: ஒண்ணுமில்ல. கையெழுத்து கூட இல்ல. உன் பேர எழுதத்தான் இந்தக் கை பழகிச்சு. அன்னிக்கு ராத்திரி, வேலைக்கிப் போறதுக்கு முன்னாடி, நீதான் படுக்கையிலேருந்து எழுந்து எழுதிக் காட்டின. "அ"வுக்குக் கொக்கி பெரிசாப் போடுண்ணான்னு.

அன்புசெல்வன்: நெனப்பு கீதா உனக்கு?

ராஜமாணிக்கம்: காய்ச்சக் கையி. சுட்டிச்சு. அப்ப உன்மேல எனக்கு எவ்ளோ பிரியம் தெரியுமா.

அன்புசெல்வன்: ...அண்ணி ஏன் என்கிட்ட பேசறதில்ல? போன மாசம் கடம்பத்தூர் ஸ்டேசன்ல பாத்தேன். கூப்பிட்டேன். கேட்டும் கேக்காத மாதிரி ரயில் ஏறிட்டாங்க.

ராஜமாணிக்கம்: பல்லு வலியாம் அவளுக்கு.

அன்புசெல்வன்: ஒரு மாசமாவா?

ராஜமாணிக்கம்: சில வலி அப்பிடித்தான். டேய், ஒண்ணு கேக்கணும். கேட்டா பதில் சொல்லு. நீ பதில் சொல்லிட்டன்னா, நானும் கொஞ்சம் யோசிக்கறேன். நாளைக்கு வாணாம்னு கூட சொல்லிரலாம்.

அன்புசெல்வன்: கேளுண்ணா.

ராஜமாணிக்கம்: நெலத்துக் காயிதம் எல்லாம் நல்லபடியா கீதா?

அன்புசெல்வன்: கீது. பெட்டியிலதான் கீது. ஏன்?

ராஜமாணிக்கம்: என் பேரு கீதா அதுல?

அன்புசெல்வன்: இல்லாம? நைனா பேரு, கீழ உன் பேரு, என் பேரு. எங்க போவும்?

ராஜமாணிக்கம்: நல்லா யோசிச்சி சொல்லு. அவசரமில்ல.

அன்புசெல்வன்: இதுல யோசிக்க இன்னா கீது?

ராஜமாணிக்கம்: ஏதாவது ஆபீசுல, எவனாவது கேட்டிருப்பான், "உங்கண்ணன் எங்க?"ன்னு. உண்மையச் சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். இன்னா சொல்றதுன்னு தெரியாம வாய்ல வந்தத சொல்லிட்டேன்னு... அப்பிடி ஏதாவது இருந்தா சொல்லு. கோவிச்சிக்க மாட்டேன்.

அன்புசெல்வன்: அப்பிடி ஒண்ணும் இல்லண்ணா.

ராஜமாணிக்கம்: ஒண்ணுமே இல்ல?

அன்புசெல்வன்: பெத்த தாய் மேல சத்தியம். நம்ப மாட்டியா?

ராஜமாணிக்கம்: சரி. அந்தத் தலவாணிய கொஞ்சம் முட்டிக்குக் கீழ வெய்யி. மெதுவா. ...ம். போதும்.

அன்புசெல்வன்: அப்ப வாணான்னு சொல்லிருவியா?

ராஜமாணிக்கம்: இல்ல. செஞ்சிக்கறேன்.

அன்புசெல்வன்: யோசிக்கறேன்னு சொன்னியே!

ராஜமாணிக்கம்: யோசிச்சிட்டேன்.

அன்புசெல்வன்: இது அடாவடி. என் பேரு, நான் விட மாட்டேன். இப்பவே டாக்டர்கிட்டப் போயி...

ராஜமாணிக்கம்: போ. மாடியில ரெண்டாவது ரூமு. இன்னான்னு சொல்லுவ? போடா. காலு நல்லாத்தான கீது உனக்கு?

மேரி: இன்னா இங்க சத்தம்? மத்த பேஷண்ட்டெல்லாம் தூங்கறாங்கல்ல? இந்தாங்க ஃபாரம். அன்புசெல்வன், நீங்க இங்க போடுங்க. ...எவ்ளோ அழகாப் போடறீங்க! "அ"வே தனியா நிக்குது.

ராஜமாணிக்கம்: வேலைக்கிப் போறப்ப ஒருத்தன் சொல்லிக் குடுத்தான் சிஸ்டர். நல்ல வாத்தியாரு.

மேரி: சார், நீங்க இங்க. கூட இருக்கிற சொந்தக்காரர்னு போட்டிருக்கு பாருங்க. பேரு சொல்லுங்க, நான் எழுதறேன். கீழ கையெழுத்து மட்டும் போடுங்க.

அன்புசெல்வன்: நான்... காலையில அண்ணி வந்து போடுவாங்க.

மேரி: காலையில ஆறு மணிக்கு உள்ள எடுத்துட்டுப் போயிருவாங்க. கையெழுத்து இல்லன்னா லிஸ்ட்லேருந்து எடுத்துருவாரு டாக்டர். அப்புறம் அடுத்த மாசந்தான். பேரு சொல்லுங்க.

அன்புசெல்வன்: பேரு வந்து...

மேரி: சொந்தப் பேரச் சொல்ல இவ்ளோ யோசனையா?

அன்புசெல்வன்: அண்ணா... வாணாண்ணா...

மேரி: இவர அண்ணான்னு கூப்பிடறீங்க. அப்ப நீங்க தம்பியா? தம்பின்னு எழுதிக்கட்டா?

ராஜமாணிக்கம்: தம்பி இல்ல சிஸ்டர், அண்ணன். எங்க ஊட்டுல யாரு யாருன்னு எங்களுக்கே கொழப்பம். ராஜமாணிக்கம்னு எழுதிக்கோம்மா. செத்துட்டாருன்னு மூணு வருசம் முன்னாடி கூடப் பொறந்தவனே எழுதிக் குடுத்துட்டான், நெலத்தத் தன் பேருக்கு மாத்திக்க. போன மாசம் அவரு சம்சாரம் தாலுக்கா ஆபீசுல போயி நின்னா, "புருசன் செத்த பொம்பளைக்குக் கழுத்துல இன்னாத்துக்குத் தாலி?"ன்னு கேட்டானாம் அங்க இருந்தவன். அவரு சாவல சிஸ்டர், இதோ நிக்கறாரு. பேனாவ அவர்கிட்ட குடு... உசுரோடத்தான் கீறேன்னு அவர் கையாலயே எழுதட்டும்.